இருமல் எந்தப் பக்கம்

ஸ்பீக்கர் இரண்டும் பொது.
அதில் சண்டை இல்லை.
அதற்கு முன்னால் எதை வைப்பது என்பதில்தான்
காசிமேட்டில், எங்கள் வீட்டில்,
ஒன்றரை வருஷமாக அண்ணன் தம்பி வாக்குவாதம்.

என் வீட்டுக்காரர் அடைக்கலம் நாலு பெட்டி வைத்திருக்கிறார்.
சி.டி.க்கு ஒன்று, ரேடியோவுக்கு ஒன்று,
சத்தத்தை அளந்து கொடுக்க ஒன்று,
அதைத் தூக்கி நிறுத்த
என்னால் நகர்த்த முடியாத கறுப்புப் பெட்டி ஒன்று.
நாலுக்கும் நடுவே ஒயர்.
ஒயரின் விலையை என்னிடம் பாதியாகச் சொன்னார்.

கொழுந்தன் கிறிஸ்துதாசுக்கு ஒரே ரிசீவர்.
ஐஸ் ஃபேக்டரி போனஸில் வாங்கினது.
எல்லாம் ஒரே வயிற்றுக்குள்.
மேலே கை வைத்தால் இட்லிப் பானை மாதிரி சுடும்.

"ஒரே ரூம்ல எல்லாரும் படுத்தா
ஒருத்தன் கொறட்ட இன்னொருத்தனுக்குக் கேக்காதா?
கரண்டும் அப்டித்தான்" என்பார் இவர்.
"நாலு வூடு கட்டி நடுவுல ஒயர் இழுத்தா
கடக்காத்து உப்பு சொம்மா வுடுமா?" என்பான் அவன்.
உப்பு விஷயம் உண்மை.
மாசத்துக்கு ஒரு தடவை ஒயர் முனை பச்சை பூக்கும்.
பெட்ரோல் தொட்டுத் துடைப்பது நான்.

தனி அடுப்பு கேட்டு
வீட்டு நடுவில் ப்ளைவுட் அடித்தவன் அவன்.
வேணான்டா என்று மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தவர் இவர்.
இதைக் கேட்டால்
வூடு வேற, செட்டு வேற என்பார்கள் இருவரும்.
அதில் மட்டும் ஒற்றுமை.

போன ஞாயிறு, பூசை முடிந்து, கறி வேகும் நேரம்,
இன்றைக்கு முடிவு கட்டிவிடுவது என்றார்கள்.
கொடியில் போர்வை.
இந்தப் பக்கம் நான், ஐந்து பெட்டி, திருகுகிற சுவிட்சு.
அந்தப் பக்கம் அவர்கள், ஆளுக்கொரு நோட்டு.
மீட்டர் வைத்து இரண்டு சத்தத்தையும் ஒரே மட்டமாக்கியாயிற்று.
பத்துத் தடவை. எது ஓடுகிறது என்று எழுத வேண்டும்.

போட்டது எங்கள் கோயில் பாடகர் குழுவின் பதிவு.
இரண்டாவது பாட்டில்
ஆர்மோனியம் நின்று, குரல் எழும்புவதற்குள்
ஒரு இருமல் வரும்.
அதுதான் பரீட்சை.
எந்தப் பக்கம், எத்தனை அடி தள்ளி, ஆணா பெண்ணா.
நல்ல செட்டில்
இருமினவர் நின்ற இடமே தெரியுமாம்.

இருமினது நான்.
மூன்றாவது வரிசை, தூணோரம். அன்று காய்ச்சல்.
இருவரிடமும் சொன்னதில்லை.

முதல் மூன்று தடவை ஒழுங்காகத் திருகினேன்.
நாலாவதில் கறி அடிப்பிடிக்கிற வாசனை.
ஓடிப்போய் இறக்கி வைத்துவிட்டு வந்து
மாத்திட்டேன் என்றேன்.
ஐந்தாவதுக்கும் மாத்திட்டேன் என்றேன்.
அப்புறம் வாய் பழகிவிட்டது.

போர்வைக்கு அப்பால்:
"பாரு, இப்ப கொரலு முன்னாடி வந்து நிக்குது."
"இன்னா நிக்குது? இது என் ரிசீவரு."
"சொம்மா இர்றா. இருமல் தூணாண்ட கேக்குது பாரு."

ஒரு நொடி எனக்கு வயிறு கலங்கியது.

ஏழாவதில், துறைமுகம் போகிற டிரெய்லர் ஒன்று
ஜன்னல் கம்பியெல்லாம் ஆட்டிவிட்டுப் போனது.
அது இருவர் காதிலும் விழவில்லை.

பத்தாவது வரும்போது எனக்கே சந்தேகம்:
கடைசியாக எந்தப் பக்கம் திருப்பினேன்?
குனிந்து பார்த்திருக்கலாம்.
அதற்குள் ஆர்மோனியம் நின்றுவிட்டது.

இருமலுக்கு முன்னால்
அடக்கப் பார்த்து, முடியாமல்
மூச்சு உள்ளே போகிற சத்தம்.
முந்தானை வாயில் அழுந்துகிற சத்தம்.
எத்தனையோ தடவை ஓடின பதிவு.
இதை நான் கேட்டதே இல்லை.

அவர்கள் போர்வையை விலக்குவதற்குள்
கை தானாகப் போய்
சுவிட்சை நடுவில் வைத்துவிட்டது.

"இன்னா ஃபிலோமி, யாருக்கு எத்தினி சரி?"

சோறு ஆறுது,
வாங்க ரெண்டு பேரும், என்றேன்.